காயங்கள் காரணமாகலாம்; நியாயமாகுமா?

தோல்வியடையும் விளையாட்டு அணிகள் முன்வைக்கும் விளக்கங்களுள் மறுப்பதற்கு மிகவும் கடினமானது வீரர்களின் காயமாகும். நடுவரின் தீர்ப்பைக் குறை கூறும் அணியைப் பார்த்து ரசிகர்கள் நகைப்பதுண்டு. ஆனால், முன்னணி வீரர் ஒருவர் ஆடமுடியாத நிலையில் அரங்கின் ஓரத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டபின் எவரும் கடுஞ்சொல் கூறத் துணிவதில்லை. அந்த அனுதாபம் நியாயமானதே. எனினும், காயமடைந்த வீரருக்கு உரித்தான அனுதாபத்தில் அணியின் நிர்வாகமும் பங்கு கோருவது முறையாகுமா என்பது வேறொரு கேள்வியாகும்.

அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கம் (என்.பி.ஏ.) நடத்தும் தொழில்முறைச் சுற்றுப்போட்டியில், 2024-2025 பருவகாலத்தின்போது பிலடெல்பியா செவன்டி சிக்ஸர்ஸ் அணிக்கு நேர்ந்த கதி இக்கேள்வியை ஆராய்வதற்குப் பொருத்தமான உதாரணமாகும். அதற்கு முந்திய பருவகாலத்தில் 82 ஆட்டங்களில் 47 இல் வெற்றியீட்டிய அவ்வணி, கோடிக்கணக்கான டொலரைச் செலவிட்டுத் தன்னைப் பலப்படுத்திக்கொண்டு சம்பியன் பட்டத்தை நோக்கிக் களமிறங்கியது. ஆனால், முதல் 17 ஆட்டங்களில் மூன்றில் மாத்திரமே அதனால் வெல்ல முடிந்தது. பருவகாலம் முடிவடைந்தபோது 24 வெற்றிகளும் 58 தோல்விகளுமே எஞ்சியிருந்தன.

காயங்களின் கணக்கு உண்மையிலேயே கவலைக்குரியது. அணியின் தூணாகிய ஜோயல் எம்பீட் 19 ஆட்டங்களில் மாத்திரமே பங்குபற்றினார். புதிதாகச் சேர்க்கப்பட்ட போல் ஜோர்ஜ் 41 ஆட்டங்களிலும், டைரீஸ் மெக்ஸி 52 ஆட்டங்களிலும் ஆடினர். மூவரும் ஒன்றாக ஆடியவை 15 ஆட்டங்கள் மட்டுமே. சிறப்பாக ஆடிவந்த அறிமுக வீரர் ஜெரட் மெக்கெய்னும் முழங்கால் காயம் காரணமாக 23 ஆட்டங்களுடன் ஒதுங்க நேர்ந்தது.

கூடைப்பந்தாட்டத்தில் ஒரு வீரரின் இழப்பு ஏனைய பல விளையாட்டுகளைவிடப் பெரிதாக உணரப்படுகின்றது. பதினொருவர் ஆடும் கிரிக்கெட்டில் ஒருவரின் குறையைப் பத்துப் பேர் பகிர்ந்து ஈடுசெய்யலாம். கூடைப்பந்தாட்டத்தில் களத்தில் நிற்பவர்கள் ஐவரே. அந்த ஐவருள் தலைசிறந்தவர், 48 நிமிட ஆட்டத்தில் 35 நிமிடங்களுக்கு மேல் களத்தில் இருப்பது வழக்கம். தாக்குதலும் தடுப்பும் அவரையே மையமாகக் கொண்டு வகுக்கப்படுகின்றன. 2023-2024 பருவகாலத்தில் எம்பீட் ஆடிய 39 ஆட்டங்களில் சிக்ஸர்ஸ் 31 இல் வென்றது. அவர் ஆடாத 43 ஆட்டங்களில் 16 இல் மாத்திரமே வென்றது. ஆகவே, காயங்கள்தாம் தோல்விக்குக் காரணம் என்ற வாதத்தைப் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும், இதே புள்ளிவிபரம் இன்னொன்றையும் சொல்கின்றது. எம்பீட் இல்லாவிடில் என்ன நேரும் என்பதை நிர்வாகம் ஓராண்டுக்கு முன்னரே கண்டிருந்தது. காரணம் என்பது வேறு. நியாயம் என்பது வேறு. ஒரு நிகழ்வு ஏன் நேர்ந்தது என்பதற்கு விடை தருவது காரணம். அதற்கு எவரும் பொறுப்பாளிகள் அல்லர் என்று தீர்ப்பளிப்பது நியாயம். முன்னையதை நிரூபித்த மாத்திரத்தில் பின்னையதும் நிரூபணமாகிவிடுவதில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்துவதற்கு மூன்று விடயங்களைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, காயம் எதிர்பாராததா என்பதாகும். எம்பீட் 2014 ஆம் ஆண்டு அணிக்குத் தெரிவு செய்யப்பட்டபோதிலும், பாதத்தில் ஏற்பட்ட காயத்தால் முதல் இரு பருவகாலங்களிலும் ஓர் ஆட்டத்திலேனும் ஆடவில்லை. அதன் பின்னரும் எந்தவொரு பருவகாலத்திலும் 68 ஆட்டங்களுக்கு மேல் அவர் ஆடியதில்லை. 2024 ஜனவரி இறுதியில் அவரது முழங்கால் காயமடைந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் அவருடன் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு சுமார் 193 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்த நீடிப்பு கைச்சாத்திடப்பட்டது. 34 வயதான ஜோர்ஜுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 212 மில்லியன் டொலர் வழங்கப்பட்டது. அவர் முந்திய பருவகாலத்தில் 74 ஆட்டங்களில் ஆடியிருந்தார் என்பது உண்மையே. ஆனால், அதற்கு முன்னைய நான்கு பருவகாலங்களில், கொவிட் தொற்றினால் சுருக்கப்பட்ட இரண்டு உட்பட, எதிலும் அவர் 60 ஆட்டங்களை எட்டவில்லை. 20 வயதான மெக்கெய்னின் காயத்தை எவரும் முன்னறிந்திருக்க முடியாது, அது துரதிர்ஷ்டமே. ஏனைய இருவரின் காயங்களையும் துரதிர்ஷ்டத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

இரண்டாவது, இழப்பை ஈடுசெய்ய ஏற்பாடு இருந்ததா என்பதாகும். அப்பருவகாலத்தில் ஓர் அணிக்கு விதிக்கப்பட்ட சம்பள எல்லை 140 மில்லியன் டொலருக்குச் சற்று அதிகமாகும். எம்பீட், ஜோர்ஜ், மெக்ஸி ஆகிய மூவரின் சம்பளம் மட்டும் ஏறத்தாழ 136 மில்லியன் டொலராக இருந்தது. விதிவிலக்குகளைப் பயன்படுத்தி இவ்வெல்லையைத் தாண்டிச் செலவிட அணிகளுக்கு இடமுண்டு. ஆனாலும், மூவருக்காக இவ்வளவு பெருந்தொகை ஒதுக்கப்பட்டபின், எஞ்சியோரில் பலர் குறைந்த சம்பளத்தில் வரக்கூடியவர்களாகவே இருப்பர். மூன்று தூண்களில் கூரையைத் தாங்கவிட்டவர்கள், தூண் சரிந்தபோது காற்றைக் குறை கூறுவது பொருந்தாது.

மூன்றாவது, காயத்தைப் பற்றிய உண்மை மறைக்கப்படாமல் சொல்லப்பட்டதா என்பதாகும். 2024 ஒக்டோபரில் எம்பீட்டின் உடல்நிலை தொடர்பாக முன்னுக்குப் பின் முரணான தகவல்களை வெளியிட்டமைக்காக சிக்ஸர்ஸ் அணிக்கு என்.பி.ஏ. ஒரு இலட்சம் டொலர் தண்டப்பணம் விதித்தது. நுழைவுச்சீட்டுக்குப் பணம் செலுத்தும் ரசிகனுக்கு, தான் காணவிரும்பும் வீரர் ஆடுவாரா என்பதை அறியும் உரிமையுண்டு. அதனை மழுப்பும் நிர்வாகம் பின்னர் அதே காயத்தைக் காட்டி மன்னிப்புக் கோரும்போது, அதன் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடுகின்றது.

காயமடைந்த அணி தாக்குப்பிடிக்க முடியாதென்பதும் விதியல்ல. 2007-2008 பருவகாலத்தில் ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் அணி தொடர்ச்சியாகப் பன்னிரண்டு ஆட்டங்களில் வென்றிருந்த வேளையில், அதன் பிரதான வீரரான சீனாவின் யாவோ மிங் பாத எலும்பில் ஏற்பட்ட முறிவினால் விலக நேர்ந்தது. அத்துடன் அணி வீழ்ந்துவிடும் என்று எண்ணியோர் பலர். ஆனால், கொங்கோ நாட்டில் பிறந்த 41 வயதான டிகெம்பே முடொம்போ அவரது இடத்தை நிரப்ப, அவ்வணி மேலும் பத்து ஆட்டங்களில் வென்று, 22 தொடர் வெற்றிகளைப் பதிவு செய்தது. பருவகாலத்தை 55 வெற்றிகளுடன் நிறைவு செய்த அவ்வணி, அடுத்த கட்டத்தின் முதற் சுற்றிலேயே தோற்றது என்பதும் உண்மை. காயம் ஓர் அணி எட்டக்கூடிய உயரத்தைக் குறைக்கலாம். அதனை அதலபாதாளத்தில் தள்ளியே தீரவேண்டும் என்பதில்லை. அன்று ஹூஸ்டன் அணியின் பொது முகாமையாளராக விளங்கிய டரில் மோரியே 2024 இல் பிலடெல்பியா அணியின் கூடைப்பந்தாட்டப் பிரிவின் தலைவராக இருந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மறுபுறம், காயத்தை ஏற்றுக்கொள்ளத்தக்க நியாயமாகக் கருதக்கூடிய சந்தர்ப்பங்களும் உண்டு. 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை இறுதிப் போட்டிக்குத் தகுதிபெற்ற கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் அணி, 2019-2020 பருவகாலத்தில் 15 வெற்றிகளையும் 50 தோல்விகளையும் பெற்றுக் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. கெவின் டுராண்ட் அணியை விட்டு விலகியிருந்தார். கிளே தொம்சன் முழங்கால் காயத்தால் ஓர் ஆட்டத்திலும் ஆடவில்லை. ஸ்டீபன் கறி கை எலும்பு முறிந்து ஐந்து ஆட்டங்களுடன் நின்றுபோனார். அந்நிர்வாகம் இழந்த ஆண்டை வீணாக்காது, இளம் வீரர்களுக்குக் களத்தில் இடமளித்ததுடன், அன்ட்ரூ விக்கின்ஸையும் அணியில் சேர்த்துக்கொண்டது. 2022 இல் அவ்வணி மீண்டும் சம்பியனானது. துரதிர்ஷ்டத்தை எவ்வாறு விளக்கினார்கள் என்பதைவிட, அதிலிருந்து எதனை உருவாக்கினார்கள் என்பதே ஒரு நிர்வாகத்தை அளக்கும் கோலாகும்.

இதிலே இன்னொரு சிக்கலும் மறைந்திருக்கின்றது. என்.பி.ஏ. யில் மோசமாகத் தோற்கும் அணிகளுக்கே வருடாந்தப் புதுமுக வீரர் தெரிவில் முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 2025 இல் சிக்ஸர்ஸுக்கு முதல் ஆறு இடங்களுள் ஒன்று கிடைக்காவிடில், அந்தத் தெரிவு ஒக்லஹோமா சிட்டி அணிக்குச் சென்றிருக்கும். குலுக்கலில் அவ்வணிக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. வேண்டுமென்றே தோற்றார்கள் என்று குற்றஞ்சாட்டுவது எமது நோக்கமன்று. ஆனால், தோல்வியே இலாபம் தரும் ஓர் அமைப்பில், காயம் என்ற விளக்கத்தை ஆராயாமல் ஏற்றுக்கொள்வது ஆபத்தானது.

எவ்வாறாயினும், இந்த விவாதத்தில் காயமடைந்த வீரரைக் குற்றவாளிக்கூண்டில் நிறுத்துவது பெருந்தவறாகும். வலியோடு ஆடும்படி நிர்ப்பந்திக்கப்படும் உடல் மேலும் சிதைவடையும். யாவோ மிங் 2011 இல், 30 வயதிலேயே ஓய்வுபெற நேர்ந்ததற்குத் திரும்பத் திரும்ப ஏற்பட்ட பாதக் காயங்களே காரணம். காயம் வீரருடையது; அதற்கான முன்னேற்பாடு நிர்வாகத்தினுடையது. வீரரின் வலியை நிர்வாகத்தின் கேடயமாக்குவது, காயப்பட்டவருக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதியாகும். ஆகவே, தோற்ற அணியொன்று காயங்களின் பட்டியலை நீட்டும்போது அதனை மறுக்கத் தேவையில்லை. எவை எதிர்பாராதவை, எவை அறிந்தே ஏற்கப்பட்டவை என்று பிரித்துக் காட்டுமாறு கேட்டால் போதுமானது. அவ்வாறு பிரித்துப் பார்த்தால், சிக்ஸர்ஸின் 58 தோல்விகளுக்குக் காயங்கள் காரணமாகின்றன. நிர்வாகத்தை விடுவிக்கும் நியாயமாக அவை அமையவில்லை.