தாங்காவின் கரையில் தோற்றது யார்?

முதல் உலகப்போர்ன்னா எங்க ஆம்பூர்ப் பக்கம் தோல்தான் ஞாபகம். 1916 முதல் சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோலை ராணுவ பூட்ஸுக்காக அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. அந்தப் போரில் நடந்த கால்கள் யாருக்கும் ஞாபகமில்லை.

1914 நவம்பர் 2. இன்றைய தான்சானியாவில், அன்று ஜெர்மன் வசமிருந்த தாங்கா துறைமுகத்தைப் பிடிக்கச் சுமார் 8,000 பேர் கடல்வழி வந்தார்கள். சென்னை மாகாணத்தின் 63ஆவது பாளையங்கோட்டைக் காலாட்படையும் 61ஆவது பயனியர் படையும் அதில் உண்டு. பம்பாயிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தவர்கள். கரையிறங்கும் ஒத்திகை இல்லை, ஒழுங்கான வேவு இல்லை. போதாததற்கு, போர்நிறுத்தம் முடிந்ததென்று பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கேப்டனே ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அலையாத்திச் சேற்றில் இறங்கி, ரப்பர்த் தோட்டத்துக்குள் நுழைந்தவர்களை எதிர்த்து நின்றது சுமார் 1,000 பேர். பெரும்பாலோர் அஸ்காரிகள், அதாவது இன்னொரு காலனியத்தின் கறுப்புச் சிப்பாய்கள். 5ஆம் தேதி திரும்பவும் கப்பல். சேதம் 800 பேருக்கு மேல், செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக.

தளபதி எய்ட்கன் பதவி இறக்கப்பட்டார். ஆனால் 'மதராஸிகள் வீரமரபு அற்றவர்கள்' என்ற பழி படையின்மேல் விழுந்தது. 1880களில் சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் முன்பே கட்டமைத்திருந்த சொல்லாடல் இது. திட்டத்தின் தோல்வியைப் பிறப்பின் குணமாக்கிக் காட்டுவதே அதன் வேலை.

'இந்த உடம்பு சண்டைக்கு ஆகாது' என்பதும், 'இந்த உடம்பு தோல்ஷாப்பின் சுண்ணாம்புக் குழிக்குத்தான்' என்பதும் ஒரே இலக்கணம். முதலாவதைக் காலனியம் என்று கண்டிக்கிற நாம், இரண்டாவதைத் தொழில்மரபு என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.