வயற்காட்டு இழுவை வண்டிக்கு இருசு அமைத்தல்

கரும்பு அரைக்கும் பருவத்தில் மேற்கு உத்தரப் பிரதேசத்துச் சாலைகளில் செல்வோர், டிராக்டர்களின் பின்னே கரும்பேற்றிய இழுவை வண்டிகள் ஆலைகளை நோக்கி வரிசையாக ஊர்ந்து செல்வதைக் காணலாம். அவற்றுள் பல ஊர்ப்புறப் பட்டறைகளில் கட்டப்பட்டவை. சட்டத்தையும் பலகையையும் கொல்லர் திறம்படவே அமைத்து விடுகின்றனர். சுமை முழுவதையும் சக்கரங்களுக்குக் கடத்தும் இருசு மட்டும், கைக்குக் கிடைத்த இரும்பைக் கொண்டு கண்மதிப்பாகச் செய்யப்படுகின்றது. சுமையின் மேல் ஆட்கள் அமர்ந்து செல்லும் வழக்கமும் உள்ளமையால், இருசு முறிதல் வெறும் பொருள் நஷ்டமன்று.

அத்தகைய முறிவு ஒன்றை இக்கட்டுரையாளர் கால்வாய்க் கரையொன்றில் நேரிற் கண்டதுண்டு. வண்டி ஒருபுறம் சாய்ந்து கிடந்தது. நல்வேளையாக அதன்மேல் எவரும் இல்லை. அதைக் கட்டியவர் ஒரு சதுரக் குழாயின் இரு முனைகளிலும், கழித்த லாரியின் பின்சக்கரத் தண்டிலிருந்து வெட்டிய துண்டுகளைச் செருகிப் பற்றவைத்திருந்தார். “லாரி எஃகு, ஐயா; இதைவிட உறுதியானது ஏது?” என்பதே அவர் கேள்வி. முறிந்த முகத்தை நோக்கியபோது விடை தெளிவாயிற்று. அதன் பெரும்பகுதி வழவழப்பாயும் துருவேறியும், சிப்பியின் ஓட்டிற் காணப்படும் வரைகள் போன்ற வளைகோடுகளுடனும் இருந்தது. எஞ்சிய சிறுபகுதியே புதிதாய்ச் சொரசொரப்பாகப் பளிச்சிட்டது. பல நாட்களாக ஒரு வெடிப்பு மெல்ல வளர்ந்து, மிஞ்சிய சிறு பகுதி சுமை தாங்காது அன்று அறுந்தது என்பது இதன் பொருள். வெடிப்புத் தொடங்கிய இடமோ பற்றவைப்பின் ஓரம். அவ்வகைத் தண்டு முறுக்கத்தைத் தாங்குவதற்கென்று கரியின் அளவு மிகுந்தோ பிற உலோகங்கள் கலந்தோ செய்யப்பட்டுக் கடினமாக்கப்பெற்றது. முன்னதாகச் சூடேற்றாமல் பற்றவைத்தால், பற்றவைப்பை அடுத்த பகுதி விரைந்து குளிர்ந்து, கண்ணாடி போல நொறுங்கும் தன்மையை அடைகின்றது. உறுதி குறைந்ததாகத் தோன்றும் மெல்லெஃகு இவ்வேலைக்கு அதனினும் ஏற்றது.

இனி அளவைக் கவனிப்போம். ஓர் இருசின்மீது 3,000 கிலோகிராம் சுமை இறங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் 1,500 கிலோகிராமை மேல்நோக்கித் தாங்குகின்றது. சக்கரத்தின் நடுக்கோட்டிற்கும் பட்டை வில் இருசின்மீது அமரும் இடத்திற்கும் இடைத்தூரம் 25 சென்டிமீட்டர் எனில், இருசை வளைக்கும் திறன் 1,500 × 25, அதாவது 37,500 கிலோகிராம்-சென்டிமீட்டர். பக்கம் 6 சென்டிமீட்டர் உள்ள சதுரக் கம்பியின் வளைவெதிர்ப்பு அளவு, பக்கத்தின் முப்படியை ஆறால் வகுக்க வரும் 36. ஆகவே கம்பியில் எழும் தகைவு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1,040 கிலோகிராம். மெல்லெஃகு சுமார் 2,500 வரை நிலையாக வளைந்து போகாமல் தாங்குமாதலால், இது போதுமென்றே தோன்றும்.

ஆனால் வண்டி நின்றுகொண்டிருப்பதற்காகக் கட்டப்படுவதன்று. வரப்பின்மீது ஏறிக் குழியில் விழுகையில் சுமை மும்மடங்காகின்றது எனக் கணக்கிடுவோமாயின், தகைவு 3,100-ஐத் தாண்டி விடுகின்றது. இருசு வளைந்தே தீரும். 7.5 சென்டிமீட்டர் கம்பியை இட்டால் 1,600 அளவில் அடங்கும். ஆனால் மீட்டருக்கு 28 கிலோகிராமாக இருந்த எடை 44 ஆகிவிடும். விலையும் அதற்கேற்ப உயரும். வேறு வழி ஒன்றுண்டு. வில்லின் இருக்கையைச் சக்கரத்தை நோக்கி நகர்த்தி, 25 சென்டிமீட்டரை 15 ஆகக் குறைத்தால், அதே 6 சென்டிமீட்டர் கம்பியில் மும்மடங்குச் சுமைக்கும் தகைவு 1,900-க்குள் நின்றுவிடும். ஒரு காசும் செலவில்லை. டயர் சட்டத்தில் உரசாதிருக்க இடம் விட்டால் போதுமானது. பட்டறைகளில் பெரும்பாலும் இது எண்ணிப் பார்க்கப்படுவதே இல்லை.

அடுத்து, சதுரக் கம்பியின் முனையைக் கடைந்து உருண்டையாக்கும் இடம். தடிப்பு திடீரென மாறும் அம்மூலையில் தகைவு குவிகின்றது. 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் இருசு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு இராங்கின் என்னும் பொறியியலறிஞர், ரயில் இருசுகளில் வெடிப்புகள் தடிப்பு மாறும் தோளிலேயே தொடங்குவதை எடுத்துக்காட்டினார். பின்னர் ஜெர்மானியரான வோலர், மீண்டும் மீண்டும் வரும் சிறு சுமையும் நாளடைவில் உலோகத்தை முறிக்கும் என்பதைப் பல்லாண்டுச் சோதனைகளால் நிறுவினார். ஆகவே கடைசற்காரரிடம் அம்மூலையைக் கூராக விடாது, பேரிங் அமர்வதற்கு இடையூறாகாத அளவில், நல்ல வளைவாகக் கடைந்து மெருகிடச் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் இதனை ஒரு சாக்குக் கட்டியின் நடுவே அரத்தால் மெல்லிய கீறலிட்டு, கீறல் வெளிப்புறம் இருக்குமாறு வளைத்து ஒடித்துக் காட்டலாம்.

இழுவை வண்டியின் இருசு சக்கரத்துடன் சுழல்வதன்று. ஆதலின் அதன் அடிப்புறம் எப்போதும் இழுவிசையையும், மேற்புறம் அமுக்கத்தையும் பெறுகின்றன. அடிப்புறத்தில் குறுக்காகப் பற்றவைப்பு எதுவும் கூடாது. வில்லை யு வடிவப் போல்ட்டுகளால் இறுக்குவதே நன்று. பற்றவைத்தே ஆகவேண்டுமெனில், தகைவு மிகக் குறைந்த பக்கவாட்டு நடுக்கோட்டை ஒட்டி, நீளவாக்கில் வைக்க வேண்டும்.

குடத்தினுள் இரண்டு கூம்புருளை பேரிங்குகள் எதிரெதிராக அமைதல் வேண்டும்; உட்புறத்தது பெரிது. குடத்தைச் சுழற்றிக்கொண்டே மரையை இறுக்கி, பிறகு சிறிது தளர்த்தி, சக்கரம் ஆட்டமின்றித் தடையில்லாது சுழலும் நிலையில் பிளவாணி இட்டுப் பூட்டுக. சேறும் நீரும் புகும் நிலத்தில் உட்புற எண்ணெய்க் காப்பு வளையம் தேய்ந்திருப்பின், விலையுயர்ந்த பேரிங்கும் ஒரு பருவம் தாங்காது.

இரு சக்கரங்களின் இடைவெளி டிராக்டரின் பின்சக்கர இடைவெளிக்கு ஒத்திருக்குமாயின், வண்டி டிராக்டர் அழுத்திய தடத்திலேயே செல்லும். கரிசல் மண்ணில் இழுவைச் சிரமம் வெகுவாகக் குறையும். பிரேக்கைத் தாங்கும் தகட்டிற்கான இடத்தை இருசு செய்யும்போதே விட்டுவைத்தல் அவசியம். பின்னர் அதைச் சேர்க்க முற்படுவோர் மேற்கூறிய பற்றவைப்புத் தவற்றையே செய்ய நேரும்.

முதல் முறை சுமையேற்றி ஓரிரு கிலோமீட்டர் ஓட்டியபின் வண்டியை நிறுத்திக் குடத்தைத் தொட்டுப் பார்க்க. கை பொறுக்கவொண்ணாத சூடு இருந்தால் மரை மிக இறுகியுள்ளது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சக்கரங்களைக் கழற்றி, தோளைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, மீண்டும் நன்கு துடைத்துச் சுண்ணாம்புப் பொடி பூசுக. வெடிப்பிருப்பின், அதனுட் புகுந்த எண்ணெய் சற்று நேரத்தில் வெண்பொடியின்மீது ஒரு மெல்லிய கருங்கோடாகக் கசிந்து தோன்றும். அவ்விருசைப் பற்றவைத்துச் சரிசெய்ய முயலாது, கழித்துவிட வேண்டும்.