தண்ணீரில் விழுந்தாலும் பேசும் வாக்கி டாக்கி

கப்பல் மூழ்கும் நேரத்தில் உயிர்காப்புப் படகில் இறங்குபவர்கள் மறக்காமல் கையோடு எடுத்துப்போக வேண்டிய பொருள் வாக்கி டாக்கி. பயணிகள் கப்பல்களிலும் பெரிய சரக்குக் கப்பல்களிலும் இதற்கென்றே குறைந்தது மூன்று செட்டுகள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதைப் பழக்கமில்லாதவரும் இயக்க முடியவேண்டும். கையுறை போட்ட விரலுக்கும் பட்டன் அகப்படவேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் ஐந்து நிமிடம் கிடந்தாலும் உள்ளே ஈரம் புகக்கூடாது.

ஐந்தே நிமிடமா?

மலையேற்றத்துக்கும் படகுச் சவாரிக்கும் கடையில் கிடைக்கும் செட்டுகள் அரைமணி நேரம் தாங்கும் என்கின்றனவே! பெட்டிமேல் 'ஐபி67' என்று போட்டிருந்தால் அதன் பொருள் அதுதான். 6 என்றால் தூசி அறவே புகாது. 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் முப்பது நிமிடம். ஆனால் அந்தச் சோதனையில் கருவிக்கும் தண்ணீருக்கும் இடையே வெப்ப வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் இருக்காது. தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். வெயிலில் காய்ந்த செட் சில்லென்ற ஆற்றில் விழும்போது நடப்பது வேறு: உள்ளே சூடாக இருந்த காற்று சட்டென்று சுருங்கி, ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியே தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். கப்பல் செட்டோ 45 டிகிரி வெப்ப அதிர்ச்சியோடு முங்கினாலும் ஈரம் புகாமல் இருக்க வேண்டும். வெறும் நிமிடக் கணக்கை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

இன்னொன்று, 7 வாங்கிய கருவி பீய்ச்சியடிக்கும் தண்ணீரையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு 5, 6 என்று தனிச் சோதனைகள் உண்டு. சார்ஜ் துளையின் ரப்பர் மூடியில் ஒரு மணல் துகள் சிக்கிக்கொண்டால் எந்த எண்ணும் செல்லாது. கடலுக்குப் போய்வந்த செட்டை நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி முனைகளை உப்பு அரித்துவிடும். நீர் புகாத செட்டெல்லாம் மிதக்கும் என்றும் நினைக்க வேண்டாம். படகில் போகிறவர்கள் மிதக்கும் ரகமா என்று கேட்டே வாங்குவது நல்லது.

அடுத்து, தூரம். '50 கிலோமீட்டர்' என்று பெட்டியில் போட்டிருப்பது மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்குக்குப் பேசும் கணக்கு. செட்டின் ரேடியோ அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், பூமியின் வளைவே குறுக்கே நிற்கும். சிறு படகுகளில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஏரியல் இருந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரே மிஞ்சும். அடர்ந்த காட்டில் இன்னும் குறையும். 2017 ஒக்கிப் புயலின்போது, வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் கன்னியாகுமரிப் படகுகளுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை போய்ச்சேரவில்லை. அவ்வளவு தொலைவுக்கு எவ்வளவு உறுதியான செட்டும் உதவாது. செயற்கைக்கோள் வழிதான் வேண்டும்.

வாங்குமுன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும், அங்கீகாரம் பெற்ற குறைந்த சக்தி செட்டுகளுக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் இருக்கும் மருமகன் ஆசையாக வாங்கி வரும் செட் பெரும்பாலும் 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசும். இங்கே அதை அப்படியே பயன்படுத்த முடியாது. இணையக் கடைகளில் அங்கீகாரமற்ற செட்டுகள் மலிந்துபோனதால், 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டு விதிகளே வெளியிட்டது.