திருவொற்றியூர் போட்ட கணக்கு

பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வதே ஒரு வித்தை. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் துளி நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம்தான் ஒரே மிதி. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். போதாக்குறைக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ராத்திரி நிறுத்திய இடத்தில் காலையில் ஆயில் சொட்டியிருக்கும்.

2000-ம் ஆண்டு, சென்னை திருவொற்றியூரில் இந்த வண்டியைச் செய்த ராயல் என்ஃபீல்டை மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது எய்ஷர் குழுமம். மாதம் 6,000 வண்டி செய்ய வசதி இருந்தும் 2,000 வாக்கில்தான் விற்றது. முதலாளி குடும்பத்து இளைஞர் சித்தார்த்த லால் பொறுப்பேற்றபோது வயது 26.

தொழிலை எடைபோட நான்கு கட்டம் போடுவது இன்று எல்லா மீட்டிங்கிலும் வழக்கம்: பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். பெரும்பாலும் அது சம்பிரதாயம்தான். பலம் என்ற கட்டத்தில் ‘தரம், அனுபவம், அர்ப்பணிப்புள்ள ஊழியர்கள்’ என்று எழுதுவார்கள். மேலே எந்தக் கம்பெனி பெயரைப் போட்டாலும் பொருந்தும். பலவீனத்தில், முதலாளி மனம் கோணாதபடி ‘விளம்பரம் போதவில்லை’ என்று ஒரு வரி.

புல்லட் விஷயத்தில் அப்படி எழுதித் தப்பிக்க முடியாது. பலம் எது என்று கேட்டாலும் பலவீனம் எது என்று கேட்டாலும் வந்த பதில் ஒன்றுதான்: அந்தப் பழைய இன்ஜின். டப் டப் சத்தமும் அதனுடையது, ஒழுகலும் அதனுடையது. ரசிகர்களைக் கேட்டால் ஒரு நட்டைக்கூட மாற்றாதே என்பார்கள். ஆனால், வண்டியைப் பிடித்திருந்தும் வாங்கத் தயங்கியவர்கள்தான் ஏராளம். மெக்கானிக் வீட்டுக்கு அலைய அவர்கள் தயாராக இல்லை. என் கணிப்பில், தொழிலின் நிஜமான பலவீனத்தைச் சொல்லக்கூடியவர்கள் இவர்களே. இருக்கிற வாடிக்கையாளர் அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவர். அவருக்கு அது கண்ணில் படாது.

ஸ்ப்ளெண்டரோடு மைலேஜில் மல்லுக்கட்ட கம்பெனி போகவில்லை. கியர் இடது காலுக்கு வந்தது. பட்டன் ஸ்டார்ட் வந்தது. வார்ப்பிரும்பு இன்ஜின் போய், கியர்பாக்ஸும் சேர்ந்தே அமைந்த அலுமினிய இன்ஜின் வந்தது. ஒற்றை சிலிண்டரையும் நீளமான ஸ்ட்ரோக்கையும் மட்டும் விடவில்லை. சத்தம் செத்துவிட்டது என்று பழைய ஆட்கள் புலம்பினார்கள். புலம்பலில் நியாயமும் இருந்தது. ஆனாலும், 2009-ல் வந்த கிளாசிக் மாடலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2014-ல் ஆண்டு விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியது.

தாய்க் குழுமத்திலும் இதே கறார். 15 தொழில்களில் இரண்டைத் தவிர மற்றவற்றை விட்டுவிடுவது என்று முடிவானது. எய்ஷரின் பூர்வீகத் தொழிலான டிராக்டரையே 2005-ல் சென்னை டாஃபேக்கு விற்றார்கள். நஷ்டம் வருவதை விற்க யாருக்கும் மனசு வரும்; சுமாராக ஓடுவதை விற்பதுதான் கஷ்டம்.

மாற்றாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். புல்லட் டேங்கில் ஓடும் தங்கநிறக் கோடுகளை சென்னை ஆலையில் கையால் வரைந்து வந்தார்கள், பிரஷ்ஷும் பெயின்ட்டும் கொண்டு, அடிக்கோல் வைக்காமல். செலவுக் கணக்கு பார்க்கும் எந்த ஆலோசகரும் முதலில் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருப்பார்.

கணக்கு இன்னும் முடியவில்லை. 2023-ல் டிரையம்ஃபை பஜாஜும், ஹார்லியை ஹீரோவும் உள்ளூரிலேயே செய்து எதிரே நிறுத்தின. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியபோது 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேற்பட்டவைக்கு 40 சதவீதம். கிளாசிக்கின் இன்ஜின் 349 சிசி. கம்பெனி ஆசையாக வளர்த்த இன்டர்செப்டர் 648 சிசி. வாய்ப்பு, அச்சுறுத்தல் என்ற இரண்டு கட்டங்களையும் ஒரே அரசாணை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது.