பேய் தின்னாத விரதம்

உடம்பெல்லாம் வாயாக ஒரு மஞ்சள் உருண்டைப் பிராணி. பாதைகள் பின்னிக் கிடக்கும் கோட்டைக்குள் அது ஓயாமல் ஓடுகிறது. வழியில் கிடக்கும் புள்ளிகளை விழுங்குகிறது. பேய்கள் அதைத் துரத்துகின்றன. ஆனால் மூலையிலுள்ள பெரிய புள்ளியை விழுங்கிவிட்டால் சிறிது நேரத்துக்குப் பேய்கள் நடுங்கி ஓடும். பிராணி அவற்றைத் துரத்தித் தின்னலாம். தின்றால் மதிப்பெண் குவியும். 1980-ல் ஜப்பானில் பிறந்த 'பாக்-மேன்' என்னும் விளையாட்டு இது. நேயர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். பிள்ளைகளைவிட அவர்களுடைய தகப்பனாருக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கவும் கூடும்!

2021-ல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியூஃபெல்ட், பார்டோச்சி, சபட்டோனி ஆகியோரும், அவர்களோடு கவர்னடோரி என்பவரும் சேர்ந்து இந்தப் பிராணிக்கு ஒரு விரதம் விதித்தார்கள். பேயைத் தின்னலாகாது என்பதே அந்த விரதம்.

இது வெறும் வேடிக்கையல்ல. பிராணியை ஓட்டுவது மனிதன் அல்ல. தானே ஆடிப் பழகிய ஒரு செயற்கை அறிவு. அப்படிப்பட்ட யந்திரத்துக்கு மதிப்பெண் ஒன்றே குறி. பேயைத் தின்றால் பத்து மதிப்பெண் குறையும் என்று மிரட்டினால், பதினொன்று கிடைக்கும் இடத்தில் அது தயங்காமல் தின்றுவிடும். அபராதத்தை விலையாகக் கருதும் மனிதர்களை நாம் பார்த்ததில்லையா? ஆகவே வியன்னாக்காரர்கள் வேறு வழியை நாடினார்கள். ஆடும் அறிவுக்குப் பக்கத்தில், தர்க்கத்தை மட்டுமே அறிந்த மேற்பார்வையாளர் ஒருவரை உட்கார வைத்தார்கள். இந்த நிலையில் எந்த அடி விதிக்கு உட்பட்டது, எது விலக்கப்பட்டது என்று ஒவ்வொரு அடிக்கும் அவர் கணக்கிட்டுச் சொல்வார். அனுமதித்த அடிகளுக்குள்தான் பிராணி தன் சாமர்த்தியத்தைக் காட்டலாம்.

இதுவரை எளிது. பிராணி ஒரு சந்தில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் விரதம் முறியும் என்றால் என்ன செய்வது? விதியை மீறியே தீர வேண்டிய நிலையில், எப்படி மீறுவது குறைந்த குற்றம்? விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

சாதாரணத் தர்க்கம் இந்த இடத்தில் காலை வாரிவிடுகிறது. 'செய்யத் தக்கது', 'தகாதது' என்பவற்றுக்கென்று ஒரு தர்க்கத்தை 1951-ல் பின்லாந்து அறிஞர் வான் ரைட் வகுத்தார். 1963-ல் அமெரிக்கரான சிஷோம் அவ்வகைத் தர்க்கத்துக்கு ஒரு சிக்கலைப் போட்டார். ராமசாமி அண்டை வீட்டாருக்கு ஒத்தாசை செய்யப் போக வேண்டும். போவதானால், வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். போகாவிட்டால் சொல்லக் கூடாது. ராமசாமி போகவில்லை. (ராமசாமி என்ற பெயர் நாம் வைத்தது.) முதல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவன் சொல்லியாக வேண்டும், பின் இரண்டையும் சேர்த்தால் சொல்லவே கூடாது! நம் வீட்டுக் குழந்தைக்கும் குழப்பம் தராத சங்கதி, தர்க்க சூத்திரத்தில் எழுதியதும் முரணாகிவிடுகிறது. அந்தத் தர்க்கத்தில் முரண் ஒன்று நுழைந்தால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்பதுதான் பெரிய ஆபத்து. கொலையும் தகும் என்று யந்திரம் கணக்குப் போட்டுக் காட்டிவிடும்.

பழைய மீமாம்சகர்கள் இதே சந்தில் நின்று யோசித்தவர்கள். எந்த உயிரையும் இம்சிக்கலாகாது என்கிறது வேதம். பகைவனைக் கொல்ல விரும்புகிறவன் சியேன யாகம் செய்யட்டும் என்றும் அதே வேதத்தில் இருக்கிறது. சியேனம் என்றால் பருந்து. வேதம் தனக்குத் தானே முரண்படுமா? சபரரும் குமாரிலரும் பிரபாகரரும் மல்லுக்கு நின்ற கேள்வி இது. கொல்லும் ஆசையில் ஏற்கனவே விழுந்துவிட்டவனை நோக்கியே இரண்டாவது வாக்கியம் பேசுகிறது. அதனால் முதல் விலக்கு தளர்ந்துவிடவில்லை என்பது அவர்கள் விவாதத்தில் தெளிந்து வரும் ஒரு வழி. 2015-ல் மேற்சொன்ன சபட்டோனி, வடமொழி அறிஞர் எலிசா ஃப்ரெஸ்கி முதலியோருடன் சேர்ந்து மீமாம்சையின் நியாயங்களைக் கொண்டு ஒரு புதிய தர்க்கமே அமைத்து, சியேன வழக்கை அதில் ஆராய்ந்தார். 'எல்லாம் நம் சாஸ்திரத்திலேயே இருக்கிறது' என்று இதைக் கேட்டு மார்தட்டும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: சாஸ்திரத்தில் இருந்தது; எடுத்துப் படித்தவர்கள் வியன்னாவில் இருந்தார்கள்.

நிற்க. விதிகள் மோதும்போது பஞ்சாயத்து நடத்த இன்னொரு முறையும் உண்டு. பாங்காக்கில் ஆராய்ச்சி செய்த ஃபான் மின் யூங் 1995-ல் அதை வெளியிட்டார். வாதங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. எந்த வாதம் எந்த வாதத்தைத் தாக்குகிறது என்பதை மட்டும் படமாக வரைகிறார். தாக்கியவனைத் தாக்கி வீழ்த்த ஒருவன் இருந்தால், முதலில் அடிபட்டவன் எழுந்து நிற்பான்.

நோயாளிக்கு மருந்தை நினைவூட்டி, அவர் மறுத்தால் எப்போது பொறுப்பாளருக்குத் தெரிவிப்பது என்று முடிவு செய்யும் சிறு யந்திர மனிதனை மைக்கேல் ஆண்டர்சனும் சூசன் ஆண்டர்சனும் 2010-ல் காட்டினார்கள். அவர்கள் முறை வேறு. அறநூல் வல்லோர் ஒத்துக்கொண்ட வழக்குகளிலிருந்து விதியை யந்திரமே கண்டெடுக்கும்படி செய்தார்கள். ஆயினும் அந்தக் கட்டிலருகே யூங்கின் படத்தை வரைந்து பார்ப்போம். 'மாத்திரை கொடு' என்பது முதல் வாதம். 'பாட்டி வேண்டாம் என்கிறாள், அவள் உடம்பு அவளுடையது' என்பது அதைத் தாக்குகிறது. 'விட்டால் உயிருக்கு ஆபத்து' என்பது இரண்டாவதைத் தாக்குகிறது. 'இது வெறும் வலி மாத்திரை' என்பது மூன்றாவதை வீழ்த்துகிறது. பாட்டியின் பேச்சே நிற்கிறது.

நான்காவது வாதம் உண்மைதானா என்பதைத் தர்க்கம் சொல்லாது. யாராவது தெரிந்து சொல்ல வேண்டும். மாலையில் வீடு திரும்பிய மகன், "ஏன் கொடுக்கவில்லை?" என்று அதட்டினால், யந்திரம் இந்த நான்கு வரிகளையும் அவன் முன் வைக்கலாம். அவன் நான்காவது வரியில் விரலை வைத்து, "இது வலி மாத்திரை இல்லை, இருதயத்துக்கு உள்ளது" என்று சொல்லி அதை அடித்துவிடலாம்.