நுழைவுத்தேர்வில் தோற்ற விவசாயி மகன்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து விவசாயி மகன் நார்மன் போர்லாக். கிரெஸ்கோ உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்த வீரர். கனவோ சிகாகோ கப்ஸ் அணிக்குப் பேஸ்பால் ஆடுவது. 1933-ல் மினசோட்டா பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில் தேறவில்லை. நம் வீடுகளில் என்றால் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது. அங்கேயே வேறொரு பிரிவில் சேர்ந்து, பிறகு வனவியலுக்கு மாறினார். 1937-ல் பட்டம் வாங்கியபோது, பேசிவைத்திருந்த வனத்துறை வேலையும் நிதி இல்லாமல் நழுவியது. அந்தச் சமயத்தில் துருநோய் பற்றிப் பேராசிரியர் ஸ்டேக்மன் ஆற்றிய உரை அவரைப் பிடித்து இழுக்க, பயிர் நோயியல் படித்தார். 1944-ல் மெக்சிகோ போனார். துருநோயைத் தாங்கும், உரம் போட்டாலும் சாயாத குட்டைக் கோதுமை ரகங்கள் அங்கே உருவாயின. 1960-களில் பஞ்சாப் வயல்களுக்கும் வந்தன. 1970-ல் நோபல் பரிசு. பேஸ்பால்? மெக்சிகோ நகரில் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார்.