இறங்கி வரும் நகரம்

டிசம்பர் 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனத்தை வாக்குத்தத்தமாகப் பெற்று, அந்தச் சிறு அட்டையை வீட்டுச் சுவரில் மாட்டிவைப்பது தமிழ்க் கிறிஸ்தவர்களின் அருமையான வழக்கம். தோல் பதனிடும் வேலை தேடித் திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்து, சதுப்பு நிலத்தை மண்ணிட்டு மேடாக்கிக் குடிசை போட்டவர்களின் சந்ததியார் வாழும் மும்பையின் தாராவியில், அந்த அட்டைக்குத் தனியானதோர் அர்த்தம் உண்டு; ஏனெனில் வேறு விதமான வாக்குறுதிகளையும் அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். 2004-இல் மறுசீரமைப்புத் திட்டம் அங்கீகாரம் பெற்றது. 2022-இல் அது அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்டுவோருக்கு அங்கேயே இலவச வீடு என்றும், பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்போருக்கும் வேறிடம், வேறு நிபந்தனை என்றும் பாகுபாடு பிறந்தது.

இவர்களுடைய ஆனந்தம் எந்த வாக்கைப் பற்றி நிற்கிறது? 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற நெல்லை வைணவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட நூலைத் தழுவி 1894-இல் தந்த 'இரட்சணிய யாத்திரிகம்', நாச நகரத்தை விட்டு நித்திய நகரத்தை நோக்கி நடக்கும் ஆத்துமாவின் பிரயாணத்தைக் கம்பனின் மரபில் பாடிய மகா காவியம். அதன்மேல் எனக்குள்ள பக்தி பெரிது. ஆயினும், ஊரை விட்டு ஒருமுறை புறப்பட்டு வந்த ஜனங்களுக்கு, மீண்டும் புறப்படுவதைக் காட்டிலும், பத்மு தீவில் யோவான் கண்ட தரிசனமே அதிகம் பொருந்தும் என்பது என் துணிபு. அங்கே மனிதர் மேலே ஏறிப்போகவில்லை. புதிய எருசலேம் பரலோகத்திலிருந்து இறங்கி வருகிறது, தேவன் மனிதர் நடுவே வந்து வாசம்பண்ணுகிறார், கண்ணீரைத் துடைக்கிறார்.

இரட்சிப்பின் நம்பிக்கை ஏழைகளை மயக்கும் மருந்து என்போர் இந்தத் திசையைக் கவனிப்பதில்லை. சிருஷ்டி முழுவதும் விடுதலைக்காகத் தவித்துக் காத்திருக்கிறது என்று ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தை மெய்யென்று கொண்டால், தாராவியின் ஓரமாகக் கறுத்து ஓடும் மித்தி நதியும் அந்தச் சிருஷ்டியில் அடங்கியதே. ஆகவே வீட்டுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மனுக் கொடுத்துப் போராடிவிட்டு வந்தவர்கள், அதே சாயங்காலம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் மனங்களித்துப் பாடுவது முரண்பாடாகாது. நகரம் இறங்கப்போவது இந்தப் பூமியின்மேல் என்றால், அதன் குடிகள் இதைப் பிறர் கையில் விட்டுவிட்டு எங்கே போவார்கள்?